மடிக்கணினியில் செருகும் விநோதச் சாமான்கள்: எதைச் செருகலாம், எதைச் செருகக் கூடாது?

முதலில் உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் திருகோணமலைக்கு அருகே கடற்கரையில் உள்ள உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறீர்கள். கனடாவிலிருந்து வந்த மைத்துனர் ஒரு பெட்டி நிறைய யூஎஸ்பி சாமான்கள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு குட்டி விசிறி, தேநீர்க் கோப்பையைச் சூடாக வைத்திருக்கும் தட்டு, ஒரேயொரு குளிர்பான டின் வைக்கக்கூடிய குளிர்சாதனப் பெட்டி, தொட்டால் உள்ளே மின்னல் ஓடும் கண்ணாடிக் கோளம், பஞ்சு அம்புகளை எய்யும் ஏவுகணைப் பொறி, "கதிர்வீச்சை உறிஞ்சும்" என்று எழுதிய ஒரு குச்சி ஆகியவை இருக்கின்றன. இவை போதாதென்று, சூஷி என்ற ஜப்பானிய உணவின் வடிவத்தில் செய்த பென் டிரைவ் ஒன்றை ஒரு விருந்தாளி அறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. முன்பதிவு, கணக்கு, மகனின் படிப்பு எல்லாம் அதில்தான். மகன் எல்லாவற்றையும் செருகிப் பார்க்கத் துடிக்கிறான். "செருகினால் கணினி பழுதாகுமா, வைரஸ் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சாமான் கணினியிடமிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பது ஒன்று. அது கணினியிடம் ஏதாவது சொல்கிறதா, சொன்னால் என்ன சொல்கிறது என்பது மற்றது. நான் இலத்திரனியல் படித்துவிட்டுத் திருகோணமலை நகரில் பல வருடங்களாகக் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் சாதாரண விசிறியைக் கண்டு பயப்படுகிறார்கள். யாருடையது என்றே தெரியாத பென் டிரைவைத் தயங்காமல் செருகுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை சொல்ல முடியும்.

ஒவ்வொரு சாமானின் பிளக்கையும் நல்ல வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். வழக்கமான நீள்சதுர பிளக் என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கும், அதன் மேல் வரிசையாகப் பொன்னிறத் தகடுகளும் தெரியும். முழுமையான பிளக்கில் நான்கு தகடுகள் உண்டு. ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளம், நடுவில் உள்ள இரண்டும் சற்றுக் குட்டை. ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தரவுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேர்ந்து, அதன் பிறகே தரவு இணைப்பு தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீள வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள். விசிறி, சூடாக்கும் தட்டு போன்றவற்றில் பல நேரங்களில் நடு இரண்டு தகடுகளும் இருக்காது. அந்த இடம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். அப்படி இருந்தால் அது அந்தப் பிளக் வழியாக ஒரு எழுத்தைக்கூட அனுப்பவோ வாங்கவோ முடியாது. வைரஸ் வரும் பாதையே இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

நான்கு தகடுகளும் இருந்தால் அதே உறுதியோடு எதையும் சொல்ல முடியாது. மலிவாகச் செய்கிறவர்கள் சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நான்கு தகட்டுப் பிளக்கை வாங்கி, அதில் இரண்டு வயரை மட்டும் பற்றவைத்துவிடுவதும் உண்டு. உறையைத் திறந்து எத்தனை வயர் போகிறது, உள்ளே சிப் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். டைப் சி பிளக் என்றால் வெறும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அந்தச் சிறிய வாய்க்குள் 24 தொடுமுனைகள் வரை இருக்கும்.

மின்சாரக் கணக்குக்கு வருகிறேன். யூஎஸ்பி 1996 இல் வெளிவந்தபோது அதன் நோக்கம் விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி எல்லாவற்றையும் ஒரே வகை வாயில் இணைக்க வேண்டும் என்பதுதான். இன்டெல் நிறுவனத்தில் அதற்காக உழைத்த குழுவில் முன்னின்றவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். சிறிய கருவிகள் தனியாக இன்னொரு மின்வயர் தேடாமல் இருப்பதற்காக அதே கேபிளில் கொஞ்சம் மின்சாரமும் சேர்த்தார்கள். 2000 ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட், அதாவது கணினியில் உள்ள ஒரு யூஎஸ்பி வாய், தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வாட். 2008 இல் வந்த யூஎஸ்பி 3.0 இல் அது 900 மில்லி அம்பியர், 4.5 வாட். விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால், யூஎஸ்பி 2.0 போர்ட்டில் ஒரு கருவி முதலில் 100 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. கணினியிடம் தன்னை அறிமுகம் செய்து, அனுமதி பெற்ற பிறகே மீதியை எடுக்க வேண்டும். உங்கள் விசிறியும் தட்டும் யாரையும் கேட்காமல் நேரே எடுத்துக்கொள்கின்றன. விதிப்படி அது சரியில்லை. ஆனால் பெரும்பாலான கணினிகள் அந்த அளவில் தடுப்பதில்லை என்பதால் அவை வேலை செய்கின்றன.

2.5 வாட் எவ்வளவு சிறியது என்பது கோப்பைத் தட்டைப் பார்த்தால் தெரியும். 200 மில்லிலீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 80 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 42,000 ஜூல் வேண்டும். ஒரு துளி வெப்பம்கூட வெளியே போகாமல் 2.5 வாட்டில் அதைச் செய்ய நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் சமையலறையில் உள்ள 1500 வாட் மின்கேத்தல் அரை நிமிடத்தில் கொடுக்கும் வெப்பம் அவ்வளவுதான். உண்மையில் தேநீர் சூடாக இருக்கும்போது திறந்த கோப்பையிலிருந்து ஆவியாகவும் காற்றாலும் போகும் வெப்பம் தட்டுக் கொடுப்பதைவிட அதிகம். அதனால் தட்டு தேநீரைச் சூடாக்காது. ஆறும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அதுவும் அடி தட்டையான மெல்லிய உலோகக் கோப்பை என்றால் மட்டும். தடித்த பீங்கான் கோப்பையில் வித்தியாசமே தெரியாது. கோப்பையை ஒரு மூடியால் மூடிவைத்தால் அந்தத் தட்டைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

குட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் நிலை இதைவிடப் பரிதாபம். அதற்குள் வாயுவோ கம்பிரஸரோ இல்லை. ஒரு பெல்டியர் தகடு இருக்கும். 1834 இல் பிரெஞ்சுக்காரரான ஜான் பெல்டியர் கண்டறிந்த விளைவு அது: இருவேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்னோட்டம் போனால் ஒரு பக்கம் குளிர்கிறது, மறுபக்கம் சுடுகிறது. அந்த விளைவு உண்மையானது, வேறு இடங்களில் நன்றாகப் பயன்படுகிறது. ஆனால் இந்தத் தகடுகள் திறன் குறைந்தவை. 2.5 வாட் கொடுத்தால் வெளியே எடுக்கும் வெப்பம் ஒரு வாட் அளவில் இருந்தாலே நல்லது. 330 மில்லிலீற்றர் பானத்தை 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறக்க, அந்தக் கணக்கில் ஏழரை மணி நேரம் போகும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் வரவேற்பறையில் அந்த மெல்லிய பிளாஸ்டிக் சுவர் வழியாக உள்ளே நுழையும் வெப்பத்தை வெல்லவே அதற்குச் சக்தி போதாது. குளிர்ந்த டின்னை வைத்தால் கொஞ்ச நேரம் குளிராக இருக்கும். மகனுக்குப் பௌதிகம் காட்டுவதற்கு அருமையான பொருள். விருந்தாளிக்குப் பானம் குளிரவைக்க உதவாது.

விசிறியை மட்டும் நான் மனதாரப் பரிந்துரைப்பேன். காற்றை அசைப்பதற்கு அதிக மின்சாரம் தேவையில்லை. முகத்துக்கு நேரே வீசும் சிறு காற்று வியர்வையை உலர்த்தினாலே உடல் குளிர்ந்துவிடும். அதேபோல் எல்இடி விளக்கும் 2.5 வாட்டுக்குள் நன்றாக வேலை செய்யும் பொருள். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அப்போது பல வீடுகளில் கைக்குழந்தைகளைத் தூங்கவைத்தவை இந்தக் குட்டி விசிறிகள்தான். அவற்றைப் பவர் பேங்கில் செருகுங்கள், மடிக்கணினி தேவையில்லை. 10,000 மில்லி அம்பியர் மணி என்று உண்மையாகவே எழுதியிருக்கும் பவர் பேங்கில் சேமித்திருப்பது 37 வாட் மணி. மாற்றும்போது வரும் இழப்பைக் கழித்தாலும் 2.5 வாட் விசிறி ஓர் இரவு முழுவதும் ஓடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிகச் சிறிய விளக்கைச் செருகினால் சில பவர் பேங்குகள் சில வினாடிகளில் தாமாக அணைந்துவிடும். செருகிய கைபேசி நிறைந்துவிட்டது என்று நினைத்து வெளியீட்டை நிறுத்துகின்றன. விளக்கு பழுது என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம்.

விசிறியில் உண்மையான ஆபத்து அது சுற்றாமல் நிற்கும்போது வருகிறது. மோட்டார் ஓடும்போது அதனுள்ளேயே உருவாகும் எதிர் மின்னழுத்தம் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும். இறகில் துணியோ தலைமுடியோ சிக்கி நின்றுவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். மின்னோட்டம் பல மடங்கு ஏறும். நல்ல மடிக்கணினி அந்த நேரத்தில் அந்தப் போர்ட்டை நிறுத்திவிடும், திரையில் எச்சரிக்கையும் காட்டும். பல மதர்போர்ட்டுகளில் தானாக மீளும் பியூஸ் இருக்கும். சூடேறினால் அதன் தடை கூடி மின்னோட்டத்தைக் குறைக்கும், ஆறினால் பழைய நிலைக்கு வரும். உங்கள் கணினியில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் மலிவான ஹப்களில் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் இருக்காது. தனி மின்சாரம் இல்லாத நான்கு வாய் ஹப் ஒன்றில் மூன்று சாமான்களைச் செருகினால் மூன்றும் சேர்ந்து ஒரே போர்ட்டின் 500 மில்லி அம்பியரைத்தான் பங்குபோடுகின்றன என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள். இரண்டு போர்ட்டுகளிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக இரண்டு பிளக் வைத்த இரட்டை வால் கேபிளையும் பாவிக்க வேண்டாம். யூஎஸ்பி விதிமுறை அதை அனுமதிப்பதில்லை.

வீட்டில் மல்டிமீற்றர் இருந்தால் கோப்பைத் தட்டை எதிலும் செருகாமல் சோதிக்கலாம். பிளக்கின் ஓரத்துத் தகடுகள் இரண்டுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். ஆளி (சுவிட்ச்) இருந்தால் போட்டுவிட்டு அளக்க வேண்டும். 10 ஓம் அல்லது அதற்கு மேல் காட்டினால் 500 மில்லி அம்பியருக்குள் அடங்கும். 5 ஓம் காட்டினால் ஒரு அம்பியர் இழுக்கும். அதைக் கணினியில் செருகக் கூடாது, 2 அம்பியர் கைபேசிச் சார்ஜரில் செருகலாம். உள்ளே தடைக்கம்பி மட்டும் உள்ள தட்டுக்கே இந்தச் சோதனை நம்பகமானது. விசிறிக்குப் பொருந்தாது, அங்கே காட்டும் எண் மோட்டார் நிற்கும்போது உள்ள நிலையைத்தான் குறிக்கும். பிளக்குக்கும் போர்ட்டுக்கும் நடுவில் செருகி வோல்ட்டையும் அம்பியரையும் காட்டும் சிறிய யூஎஸ்பி அளவி விற்கிறார்கள். இந்த வகைச் சாமான்களில் விலைக்கு மேல் பயன் தருவது அதுதான் என்பது என் கருத்து.

உப்புவெளியில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடற்கரை விடுதிகளிலிருந்து என்னிடம் வரும் மடிக்கணினிகளில் யூஎஸ்பி வாய்க்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உப்பு ஈரம் பொன்முலாமில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே போய்ச் செம்பைத் தின்ற அடையாளம் அது. அப்படிப்பட்ட வாயில் பென் டிரைவ் சமாளித்து ஓடிவிடும், ஏனென்றால் அது எடுப்பது கொஞ்சம். அரை அம்பியர் இழுக்கும் தட்டைச் செருகினால் அந்த அழுக்குப் புள்ளியே சூடேறும். பிளாஸ்டிக் நாக்கு மஞ்சளாகி இளகியிருப்பதைப் பார்க்கும்போது காரணத்தைக் கேட்க வேண்டியிருக்காது. வாயைச் சுத்தம் செய்வதானால் கணினியை அணைத்து, மின்கலத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மிஞ்சியிருக்கும் பொன்முலாமும் போய்விடும். வாடைக்காற்று தொடங்கியதும் பாவிக்காத போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடைத்துவைப்பது நல்ல பழக்கம்.

மின்னல் கோளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 வோல்ட்டை உள்ளே உயர் மின்னழுத்தமாக, உயர் அதிர்வெண்ணில் மாற்றுகிறது. கண்ணாடியை விரலால் தொடலாம். நாணயத்தையோ வேறு உலோகத்தையோ அதன் மேல் வைத்துத் தொடக் கூடாது, சுடும். பக்கத்தில் இருக்கும் கைபேசித் திரையும் மடிக்கணினியின் தொடுபலகையும் தடுமாறும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அருகில் வரக் கூடாது. இதையும் பவர் பேங்கில் செருகி, கணினியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இரண்டாவது கேள்வி தரவு பற்றியது. யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு தரவுக் கருவியும் "நான் இன்னார்" என்று கணினியிடம் தானே சொல்கிறது: நான் விசைப்பலகை, நான் சேமிப்பகம், நான் ஒலிபெருக்கி. விருந்தாளி சொல்லும் பெயரைக் கடவுச்சீட்டுக் கேட்காமல் பதிவேட்டில் எழுதிக்கொள்வதைப் போல, கணினி அதை அப்படியே ஏற்கிறது. விநோதமான உருவங்கள் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. உங்கள் ஏவுகணைப் பொறி கணினிக்கு விசைப்பலகை, மவுஸ் போன்ற ஒரு மனித உள்ளீட்டுக் கருவியாகத் தெரியும் வகையாக இருக்கக்கூடும். டிரீம் சீக்கி என்ற நிறுவனம் விற்றவை அந்த வகைதான். சூஷி கணினிக்குச் சேமிப்பகமாகத் தெரியும். வெளித்தோற்றத்துக்கும் உள்ளே சொல்லும் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கையை எப்படித் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இருவரும் 2014 இல் லாஸ் வேகாஸில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் செய்து காட்டினார்கள். சாதாரண பென் டிரைவின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பின் நிரலை மாற்றி எழுதினால் அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு, மனிதர் தட்டுவதைப் போல் கட்டளைகளைத் தட்டிவிடும். கோப்புகளைத் தேடும் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அந்தச் சிப்பின் உள்நிரல் தெரியாது. இது செய்யக்கூடியது என்பதில் சந்தேகமில்லை. கடையில் வாங்கிய பரிசுப் பொருளில் இப்படி இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு என்றால், மிகக் குறைவு என்பது என் மதிப்பீடு. அதற்கு மேல் எண் போட்டுச் சொல்ல முடியாது.

2018 ஜூன் மாதம் சிங்கப்பூரில் அமெரிக்க, வடகொரியத் தலைவர்கள் சந்தித்தபோது பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த பையில் ஒரு யூஎஸ்பி விசிறி இருந்தது. உளவுக் கருவியாக இருக்குமோ என்று உலகமே பேசியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரொபொகாடோவ் அதில் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தார். மோட்டாருக்கு மின்சாரம் போனதைத் தவிர வேறு எதுவும் இல்லை. தான் பார்த்த அந்த ஒரு விசிறிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். நேர்மையான பரிசோதனை அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பிரபல நிறுவனத்தின் பெயர் போட்ட பொருளிலேயே உண்மையான நச்சு வந்ததும் உண்டு. எனர்ஜைசர் நிறுவனத்தின் டியோ என்ற யூஎஸ்பி பற்றரிச் சார்ஜரோடு, சார்ஜ் அளவைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றும் வழங்கப்பட்டது. அதன் விண்டோஸ் பதிப்புக்குள் வெளியாள் கணினியை ஆட்டுவிக்க வழி திறக்கும் கோப்பு இருந்ததாக 2010 மார்ச்சில் அமெரிக்கக் கணினி அவசரப் பாதுகாப்புப் பிரிவு எச்சரித்தது. நிறுவனமும் விற்பனையை நிறுத்தியது. சார்ஜர் பற்றரியைச் சரியாகத்தான் நிரப்பியது. கூட வந்த மென்பொருளில்தான் கேடு இருந்தது. ஆகவே பெட்டிக்குள் சிறிய சிடி இருந்தால், அல்லது ஏதோ ஓர் இணையதளத்தில் போய் மென்பொருள் இறக்கச் சொல்லி அட்டையில் எழுதியிருந்தால், அதை உங்கள் கணக்குகள் இருக்கும் கணினியில் நிறுவ வேண்டாம். ஏவுகணைப் பொறி மென்பொருள் இல்லாமல் அசையாது என்பது உண்மை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதி அதை ஆட்டுவிக்கலாம். பலரும் இப்படிச் செய்து தங்கள் நிரல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். மகன் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பவன் என்றால் பாடத்திட்டத்தில் உள்ள அதே பைத்தான்தான். இதைவிட ஆர்வமூட்டும் பயிற்சி கிடைக்காது.

சூஷி பென் டிரைவைச் செருகவே வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் நான் கண்டிப்பாகத் தடுப்பது இது ஒன்றைத்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே போட்டுவைத்து ஆராய்ந்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. ஏறத்தாழ பாதி டிரைவ்களில் இருந்த கோப்புகளை யாரோ திறந்திருந்தார்கள். முதலாவது ஆறு நிமிடத்துக்குள். திறந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே. உங்களுக்கும் அதே நல்லெண்ணம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களிடம் அந்த விருந்தாளியின் மின்னஞ்சல் முகவரி இருக்குமே; எழுதிக் கேளுங்கள், கடித உறையில் போட்டு வைத்திருங்கள். செருகியவுடன் தானாக ஓடும் பழைய வகை வைரஸுக்கு விண்டோஸ் 7 காலத்திலிருந்தே பெருமளவு தடை போட்டுவிட்டார்கள், 2011 இல் பழைய பதிப்புகளுக்கும் அந்தத் திருத்தம் வந்தது. மேலே சொன்ன விசைப்பலகை வேடத்தை அந்தத் தடை நிறுத்தாது. பென் டிரைவ் உருவத்தில் கணினியைக் கொல்லும் கருவியும் இருக்கிறது: போர்ட்டின் 5 வோல்ட்டை உள்ளே சேமித்து, 200 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தித் தரவுக் கம்பிகளில் திருப்பி அடிக்கும். 2019 இல் நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரக் கல்லூரி ஒன்றில் ஒரே ஆள் இப்படி 66 கணினிகளை நாசமாக்கினான். உங்கள் விருந்தாளி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து பார்த்து எதையும் பிரித்தறிய முடியாது, வீட்டில் இருப்பதோ ஒரே கணினி.

"கதிர்வீச்சை உறிஞ்சும்" குச்சிக்கு வருகிறேன். 2020 இல் இங்கிலாந்தில் 5ஜி அலைகளிலிருந்து காக்கும் என்று சொல்லி 5ஜி பயோஷீல்ட் என்ற யூஎஸ்பி குச்சியை 339 பவுணுக்கு விற்றார்கள். பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் அதைப் பிரித்தபோது உள்ளே இருந்தது 128 மெகாபைட் கொண்ட சாதாரண பென் டிரைவ், மேலே ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் ஒன்று. அமெரிக்காவின் திங்க்கீக் கடையும் ஒரு காலத்தில் யூஎஸ்பி கேபிள் பொருத்திய வெறும் கல்லை விற்றது. அது எதுவும் செய்யாது என்று வெளிப்படையாகச் சொல்லி, வேடிக்கைக்காக விற்றது. அதில் ஏமாற்று இல்லை. நோய் பயத்தைக் காட்டி விற்கும் குச்சி எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. சூழ உள்ள வானொலி அலைகளை உறிஞ்சி உங்களைக் காப்பதற்கு, பிளக்கில் செருகிய ஒரு குச்சிக்கு எந்தப் பௌதிக வழியும் இல்லை. மைத்துனரின் மனம் நோகாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது அதை நம்பி மருந்தையோ மருத்துவரையோ தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் வாங்கத் தகுந்தது ஏதாவது உண்டா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். யூஎஸ்பி நுண்ணோக்கி நல்ல பொருள். அட்டையில் எழுதியிருக்கும் 1000 மடங்கு என்பதை நம்ப வேண்டாம், ஆனால் எறும்பின் கால், பற்றவைப்பில் விழுந்த வெடிப்பு, சற்று முன் சொன்ன உப்புப் பூப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். நான் என் மேசையில் தினமும் பாவிக்கிறேன். இன்னொன்று, தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த யூஎஸ்பி குச்சி. ஆர்டிஎல்2832யூ என்ற சிப் உள்ள அந்தக் குச்சிகளைப் பரந்த அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாக மாற்றலாம் என்று 2012 அளவில் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் 162 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஒலிபரப்பியபடி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலின் பெயர் அது கண்ணுக்குத் தெரியும் முன்பே திரையில் வந்து நிற்பதைப் பார்த்தால் மகன் விடவே மாட்டான். ஆனால் நம் ஊர் கடற்படைத் தளம் உள்ள ஊர். வானொலிக் கருவிகளுக்கு நாட்டில் சட்டம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

மகனிடம் முதலில் விசிறியைக் கொடுங்கள், பவர் பேங்கோடு. தட்டை அளந்து பார்த்த பிறகு சார்ஜரில் போடட்டும். ஏவுகணைப் பொறியின் பிளக்கை உள்ளே தகடுகள் தெரியும்படி ஒரு படமும், பொறியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தை ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள். எந்த நிரல் அதற்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.